ஐந்து புள்ளி ஆறும் ஒரு முன்னாள் முத்திரை ஆய்வாளரும்

மார்ச் 2, ஞாயிறு

காலைச் சர்க்கரை 164.

இந்த டைரியில் தினமும் அந்த ஓர் எண்ணை மட்டும் எழுதினால் போதும் என்று என் சர்க்கரை டாக்டர் சொல்லியிருக்கிறார். எண்ணை மட்டும்! சோழச் சக்கரவர்த்தியைக் கூப்பிட்டு, "மன்னா, வாசலில் செருப்பைப் பார்த்துக்கொண்டால் போதும்" என்று சொன்னது போல இருக்கிறது.

நான் யார்? எடையளவு முத்திரை ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்ற அம்பலவாணன். நான் பஜாருக்குள் கால் வைக்கிறேன் என்று கேள்விப்பட்டால் எடைக்கற்கள் பயத்தில் தாமாகவே எடை கூடிக்கொள்ளும். புளி மண்டித் தராசுகள் என் செருப்புச் சத்தம் கேட்டு நடுங்கி நடுங்கிச் சமநிலைக்கு வரும். அரசாங்கம் எனக்கு ஓய்வு கொடுத்த அன்று பாளையங்கோட்டை மார்க்கெட்டில் வெடி போட்டார்கள். அது கோயில் கொடைத் திருவிழா வெடி என்று சிலர் சொல்கிறார்கள். இருக்கலாம்.

இன்று மங்கை வருகிறாள். என் அக்காள் மகள். அக்கா காலமான பிறகு பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக எங்கள் வீட்டுக்கு வந்தவள். எனக்கும் என் மனைவி உலகம்மைக்கும் வேறு பிள்ளை இல்லாததால் இந்த வீட்டின் போட்டியில்லாத மகாராணி அவள்தான். இப்போது வயது முப்பத்தைந்து. மஸ்கட்டில் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையில் உப்பு அளக்கும் எஞ்சினியர். மருமகன் திருமலைக்கும் அங்கேதான் வேலை. லீவு கிடைக்காததால் இவள் மட்டும் வருகிறாள்.

தண்ணீர் மோட்டாரில் காற்றுப் பிடித்துக்கொண்டது. சரிசெய்ய வேண்டும்.

மார்ச் 4, செவ்வாய்

சர்க்கரை 159. என் மகிழ்ச்சி ரத்தத்தில் கலந்ததால் குறைந்திருக்கிறது.

மங்கைக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். குழந்தை வேண்டும் என்று ரெண்டு பேரும் முடிவெடுத்தது போன வருஷம்தான். ஒன்றும் ஆகவில்லை. மஸ்கட்டில் ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்திருக்கிறாள். அதன் பெயர் ஏ.எம்.எச். உலகம்மையிடம் அதைப் பற்றி மெல்லப் பேசிக்கொண்டிருந்தாள். நான் மெல்லக் காது கொடுத்துக்கொண்டிருந்தேன். பிறகு மெல்ல உள்ளே நுழைந்து, "ரிப்போர்ட்ட கொண்டா" என்றேன்.

"மாமா, உங்களுக்கு இது புரியாது."

"எனக்கா? ஒரு மூட்டை உளுந்தைப் பார்த்த மாத்திரத்தில் எத்தனை கிராம் கல் கலந்திருக்கிறது என்று சொன்னவன் நான்!"

கொடுத்துவிட்டாள். கைப்பேசியில் தேடினேன். சங்கதி இவ்வளவுதான்: சினைப்பையில் மிச்சமிருக்கும் முட்டைகளைச் சுற்றியுள்ள குட்டிப் பைகள் ஒரு ஹார்மோனைச் சுரக்கின்றன. அது ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, கையிருப்பை ஊகிக்கிறார்கள். கிட்டங்கியில் மூட்டை எண்ணாமல், வாசலில் வரும் நெல் வாசனையை வைத்து இருப்புச் சொல்வது மாதிரி. அட்டவணையும் கிடைத்தது. ஒன்றுக்குக் கீழே என்றால் குறைவு. ஒன்று முதல் நான்கு வரை சரியான அளவு. நான்குக்கு மேலே ஏராளம்.

மங்கையின் எண்: 5.6.

நான் நாற்காலியில் ஏறி நின்றேன். மிகையல்ல; உலகம்மை சாட்சி. "ஐந்து புள்ளி ஆறு! ஏட்டி, இது கையிருப்பு இல்ல, களஞ்சியம்! பாபநாசம் அணை நிரம்பி மதகுக்கு மேல வழியுது! நீ நூறு பிள்ளை பெத்து அஸ்தினாபுரத்துக்கே அனுப்பலாம்!"

மங்கை ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"அப்போ பயப்பட வேண்டாங்கியளா மாமா?"

"பயமா? முத்திரை குத்திட்டேன். போ."

அப்போதுதான் இன்னொன்றும் சொன்னாள். ஓமானின் தென்கோடியில், சலாலாவில் புதிய ஆலை கட்டுகிறார்களாம். அதற்கு இவளைத் தலைமையாகப் போடுகிறார்கள். ரெண்டு வருஷம் அங்கேயே கிடக்க வேண்டும், திருமலை மஸ்கட்டில், குழந்தைப் பேச்சே எடுக்க முடியாது. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"ரெண்டு வருஷம் என்ன, இருபது வருஷம் போயிட்டு வா. சரக்கு எங்கயும் ஓடாது" என்றேன்.

உலகம்மை மட்டும், "டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேக்காம இவரு சொல்லுதத நம்பாத மங்க" என்றாள். மேதைகளுக்கு வீட்டில் மதிப்பு இருந்ததாகச் சரித்திரமே இல்லை.

மார்ச் 5, புதன்

168. நேற்றைய வெற்றிக்கு உலகம்மை பாயசம் வைத்தாள். எனக்கு ஒரு சொட்டுக்கூட இல்லை. அண்டாவின் ஓரத்தைத் துடைத்தது எப்படிக் கணக்கில் வரும்?

மார்ச் 8, சனி

162. இது குடும்ப ரகசியம், வெளியே மூச்சு விடக்கூடாது என்று உலகம்மை சத்தியம் வாங்கியிருக்கிறாள். நான் மூச்சு விடவில்லை. காலை நடையின்போது, மைதானத்தில், "ஐந்து புள்ளி ஆறு!" என்று மட்டும் ஒருமுறை சொன்னேன். பக்கத்தில் நடந்த ஓய்வுபெற்ற தாசில்தார் நின்றுவிட்டார்.

"நிலநடுக்கமா? எங்கவே?"

"எங்க வீட்லதான்" என்றேன். மத்தியானம் மூன்று பேர் வந்து சுவரில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

மார்ச் 11, செவ்வாய்

170. மங்கை இங்கேயே ஒரு மகப்பேறு டாக்டரம்மாவைப் பார்க்க நேரம் வாங்கியிருந்தாள். வரும் முன்பே, மஸ்கட்டிலிருந்தே வாங்கிவிட்டாளாம். களஞ்சியம் நிரம்பிக் கிடக்கும்போது டாக்டர் எதற்கு? "சும்மா ஒரு தடவ பாத்துருவோம் மாமா" என்றாள்.

மூன்று பேரும் போனோம். மங்கை மட்டும் உள்ளே. நானும் உலகம்மையும் வெளியே பெஞ்சில். சுவர் நிறையக் கொழுகொழு குழந்தைகளின் படம். நான் அவற்றின் உத்தேச எடையைச் சொல்லிக்கொண்டு வந்தேன். இந்த மாதிரிப் பெஞ்சில் உட்கார்ந்தால் உலகம்மை வழக்கமாகவே பேசமாட்டாள்.

ஸ்கேன் எடுத்தார்கள். அதே பரிசோதனையை இங்கேயும் ஒருதரம் எடுத்துவிடுவோம் என்று டாக்டரம்மா எழுதிக்கொடுத்தார். ரத்தம் எடுத்தது மங்கைக்கு. மயக்கம் வந்தது எனக்கு. ரெண்டு குளுக்கோஸ் பிஸ்கட் கொடுத்தார்கள். மருத்துவக் காரணம் என்பதால் நாளைய எண்ணுக்கு நான் பொறுப்பல்ல.

மார்ச் 13, வியாழன்

181.

ரிப்போர்ட் வாங்க நானே போனேன். இனிப்போடு திரும்பலாம் என்று பையும் எடுத்துப் போயிருந்தேன். 0.79.

ஒன்றுக்குக் கீழே. அட்டவணையின் அடித்தட்டு. ஐந்து புள்ளி ஆறாக மஸ்கட்டில் இருந்தது, திருநெல்வேலி வந்து சேர்வதற்குள் இப்படி ஆகிவிட்டது. ஒரு அணையே ஆவியாகிப் போனால்கூடப் பொதுப்பணித்துறை ஒரு விசாரணை வைக்கும்.

வீட்டில் சொன்னேன். விமானத்தின் அழுத்தமா, இங்கத்திய வெயிலா, உலகம்மை மூன்று நாளாக வைக்கும் பாகற்காயா என்று காரணங்களை வரிசையாக அடுக்கினேன். உலகம்மை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். மங்கை தாளை வாங்கிப் பார்த்தாள். "சரி மாமா" என்றாள். மடித்து வைத்துவிட்டு, துணிகளை இஸ்திரி போட ஆரம்பித்தாள். என் பழைய காக்கிக் கால்சட்டையைக்கூட விடவில்லை. அதிர்ச்சியில் பிள்ளைக்கு என்ன செய்கிறோம் என்றே தெரியவில்லை என்று புரிந்துகொண்டேன்.

எனக்கும் கண் கலங்கியது. வெங்காயம். வீட்டில் யாரும் வெங்காயம் நறுக்கவில்லை என்றாலும், பக்கத்து வீட்டில் நறுக்கியிருப்பார்கள்.

நாளை அந்தப் பரிசோதனைக் கூடத்தின் மேல் படையெடுக்கிறேன். கருவியில் கோளாறு. வேறென்ன இருக்க முடியும்?

மார்ச் 14, வெள்ளி

சர்க்கரை 188 மில்லிகிராம், ஒரு டெசிலிட்டருக்கு. இனிமேல் அலகு இல்லாமல் இந்த டைரியில் எதையும் எழுதுவதாக இல்லை. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன். அதற்கு முன், வாசகர் யாராவது இருந்தால், முகத்தைத் திருப்பிக்கொள்ளவும்.

மங்கை இஸ்திரி போட்டுத் தந்த காக்கிக் கால்சட்டையோடு கிளம்பினேன். அது இடுப்பில் ஏற மறுத்ததைச் சரித்திரம் பதிவுசெய்ய வேண்டியதில்லை. ரெண்டு ரிப்போர்ட்டும் கையில். பரிசோதனைக் கூடத்துக்கு எதிரே ஒரு சர்பத் கடை. உள்ளே போகும் முன் புகாரைக் கையோடு எழுதிவிடுவோம் என்று அங்கே உட்கார்ந்தேன். வாயால் கத்துபவன் சாமானியன். ஆய்வாளன் எழுத்தில் அடிப்பான்.

"மேற்படி நபருக்கு மஸ்கட்டில் கண்ட அளவு: 5.6" என்று எழுதினேன். பேனா நின்றுவிட்டது. என்னைக் கேட்காமலே நின்றது. பணிக்காலம் முழுக்க அதற்கு நான் கொடுத்த பயிற்சி அப்படி. அலகு எழுதாத எண்ணை என் பேனா தாண்டாது. "ஐந்து" என்று மட்டும் எழுதிக்கொண்டு வந்த எத்தனை இளநிலை ஆய்வாளர்களை, "ஐந்து என்ன? கிலோவா, முழமா, கழுதையா?" என்று கேட்டுத் திருப்பியனுப்பியிருக்கிறேன்!

அலகு எழுத வேண்டுமே என்று ரிப்போர்ட்டைக் கிட்டே பிடித்தேன். எண்ணுக்குப் பக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரிச் சின்ன எழுத்து. மஸ்கட் தாளில் பிகோமோல், ஒரு லிட்டருக்கு. திருநெல்வேலித் தாளில் நானோகிராம், ஒரு மில்லிலிட்டருக்கு.

சர்பத்தை வைத்துவிட்டேன்.

நாடு நாட்டுக்கு அலகு வேறு. நான் பார்த்த அட்டவணை நானோகிராமுக்கு உரியது. ஒரு நானோகிராம் கணக்கை பிகோமோல் கணக்காக்க 7.14 ஆல் பெருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் என்றால் வகுக்க வேண்டும். கைப்பேசியே சொல்கிறது. போட்டுப் பார்த்தேன். 0.79 பெருக்கல் 7.14. விடை 5.64.

எதுவும் ஆவியாகவில்லை. அணையில் தண்ணீர் அன்றைக்கும் அவ்வளவுதான், இன்றைக்கும் அவ்வளவுதான். நிரம்பி வழிந்தது என் வாய் மட்டுமே.

டவுனில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் இருந்தார். கஜக்கோலால் அளந்து மீட்டர் விலை வாங்கியதற்காக, அவர் மேல் நான் வழக்குப் போட்டேன். "ஐயா, ரெண்டும் குச்சிதானே?" என்று அழுதார். "குச்சி ரெண்டும் ஒன்றா?" என்று கர்ஜித்தேன். அவர் இந்த சர்பத் கடைப் பக்கம் வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு வீடு திரும்பினேன்.

என் பேச்சை நம்பிப் பிள்ளை சலாலாவுக்குச் சரி சொல்லியிருந்தால்? ரெண்டு வருஷம்!

மார்ச் 15, சனி

179 மி.கி./டெ.லி. மங்கையிடம் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. பரணைச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது.

மார்ச் 16, ஞாயிறு

183 மி.கி./டெ.லி. பரணை மறுபடியும் சுத்தம் செய்தேன். "அங்க என்னத்த தேடுதிய?" என்று உலகம்மை கேட்டாள். தைரியத்தை என்று சொல்லவில்லை.

மார்ச் 17, திங்கள்

176 மி.கி./டெ.லி.

மங்கை மொட்டை மாடியில் போர்வை உலர்த்திக்கொண்டிருந்தாள். மேலே போனேன். கொடியில் தொங்கிய போர்வைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டேன். முகம் தெரியாமல் பேசுவது ராஜதந்திரம்.

"ஏட்டி மங்க. மாமா ஒரு மகாபாதகம் பண்ணிட்டேன்."

"பாயசமா?"

"அது தனி. இது உன் ரிப்போர்ட் விஷயம்." அலகைச் சொன்னேன். ஏழு புள்ளி ஒன்று நான்கைச் சொன்னேன். குறையவே இல்லை என்றேன். கூடுதலாக இருந்ததும் இல்லை என்றேன். கஜக்கோலையும் சொன்னேன். கடைசியில், என் முத்திரையை நானே அழித்துவிட்டதாகவும், அவள் இஷ்டப்பட்டால் தாமிரபரணியில் இறங்கிவிடத் தயார் என்றும், முழங்கால் தண்ணீர்தான் ஓடுகிறது என்றாலும் குப்புறப் படுத்துக்கொள்வதாகவும் சொன்னேன்.

போர்வைக்கு அந்தப் பக்கமிருந்து, "தெரியும் மாமா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அலகு. நான் நாள் பூரா வேற என்ன செய்யுதேன்? உப்பையே பத்து அலகுல அளக்குதவ. ரிப்போர்ட் வந்த அன்னைக்கே வகுத்துப் பாத்துட்டேன். அதான் இங்க டாக்டர்ட்ட அப்பாயின்ட்மென்ட் போட்டேன்."

"அடிப்பாவி! அப்ப நான் நாற்காலியில ஏறி ஆடுனப்ப ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

அவள் போர்வையை விலக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள். "சொல்லத்தான் வாயத் தொறந்தேன். நீங்க அணை, மதகுன்னு அவ்வளவு சத்தமா சொன்னியளா… ஒரு வாரம் அப்படியே இருந்துட்டுப் போவோமேன்னு தோணிச்சு. இந்த வீட்ல எல்லாரும் சிரிச்சிட்டு இருந்தோம்ல?"

கொடியில் நேராகவே தொங்கிய போர்வையை இழுத்து நேராக்கினேன். இது பாளையங்கோட்டை வரலாற்றில் முதல் தடவை.

"நெசமாச் சொல்லவா மாமா? அன்னைக்கு நீங்க சொன்ன வேகத்துல, சலாலாவுக்கு வாரேன்னு மெயில் அடிச்சே வச்சிட்டேன். கணக்குத் தெரிஞ்சும் அடிச்சேன். அனுப்பாம இருந்ததுதான் மிச்சம்."

"இப்போ?"

"டாக்டரம்மா என்ன சொல்லுதாங்கன்னு கேட்டுட்டு முடிவு பண்ணுதேன். புதன்கிழம நீங்களும் உள்ள வாங்க. ஆனா நாற்காலியில ஏறப்படாது."

மார்ச் 19, புதன்

172 மி.கி./டெ.லி.

டாக்டரம்மா நிதானமாகப் பேசினார். ஸ்கேனும் அதைத்தான் காட்டுகிறதாம்: வயதுக்குக் கையிருப்பு குறைவு. ஆனால் இது எண்ணிக்கையைப் பற்றிய ஊகம்தான். பிள்ளை பிறக்குமா பிறக்காதா என்று சொல்லும் எண் இது இல்லை. முட்டையின் தரத்துக்கு வயதைத்தான் பார்க்க வேண்டும். குறைவாக இருப்பவர்களுக்குத் தானாகவே தங்குவதும் உண்டு. "ஆனா ரெண்டு வருஷம் தள்ளிப்போடுங்கன்னு நான் சொல்லமாட்டேம்மா. முயற்சிய இப்பவே ஆரம்பிங்க."

மங்கை தலையசைத்தாள். அங்கேயே கைப்பேசியை எடுத்து, அடித்து வைத்திருந்த மெயிலை அழித்தாள். சலாலா போயிற்று. அவள் அந்தப் பதவியை எவ்வளவு விரும்பினாள் என்பது அந்தக் கட்டை விரல் நின்ற நேரத்தில் தெரிந்தது.

"இன்னொண்ணு" என்றார் டாக்டரம்மா. "உங்க வீட்டுக்காரருக்கு டெஸ்ட் எடுத்தாச்சா?"

"இல்ல டாக்டர்."

"மூணு ரிப்போர்ட் வச்சிருக்கீங்க, மூணும் உங்களோடது. அவருக்கும் எடுக்கணும்மா. அதுதான் ரொம்ப சுலபமான டெஸ்ட். அத விட்டுட்டு நான் உங்களுக்கு ஊசி போட ஆரம்பிக்க முடியாது."

உலகம்மை என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். நல்ல கம்பெனி விசிறி.

திரும்பும்போது ஆட்டோவில், "நமக்குப் பாத்தப்பவும் டாக்டரு இதத்தான சொன்னாரு" என்றாள் உலகம்மை. "அன்னைக்கு உங்களுக்கு சங்கரன்கோவில்ல ரெய்டு இருந்துச்சு."

ஆட்டோ ரொம்ப இரைச்சல். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

மார்ச் 21, வெள்ளி

185 மி.கி./டெ.லி.

மஸ்கட்டில் இன்று விடுமுறை. மங்கை திருமலையோடு பேசினாள். கைப்பேசியின் ஸ்பீக்கர் தானாகத் திறந்துகொண்டதாகச் சொன்னாள், நான் நம்புகிறேன்.

"உனக்குத்தான கம்மின்னு வந்திருக்கு? பெறகு எனக்கு எதுக்கு?"

"ரெண்டு பேருக்கும் பாக்கணுமாம்."

"எங்க குடும்பத்துல யாருக்கும் அப்படி ஒண்ணும் இல்ல மங்க. இதெல்லாம் பேசாத. எனக்கு அடுத்த வாரம் ஷட்டவுன் வேலை இருக்கு."

மங்கை கைப்பேசியை வைத்துவிட்டு, ஏற்கெனவே மடித்த துணிகளை உதறி, மறுபடி மடித்தாள். கெட்ட பையன் இல்லை திருமலை. கோழை என்றும் சொல்லமாட்டேன். எந்த மனுஷனுக்கும் அந்த வாரம் பார்த்து ஏதாவது ஷட்டவுன், ஏதாவது ரெய்டு வந்து சேரும்.

மார்ச் 22, சனி

காலைச் சர்க்கரை 177 மி.கி./டெ.லி.

மங்கை தலைக்கு எண்ணெய் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். உலகம்மை அடுக்களையில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். மிக்ஸி இரைகிற தைரியத்தில் மஸ்கட்டுக்குப் போன் போட்டேன்.

"மாப்ளே, ஒரு தொழில் விஷயம். தராசு சோதிக்கப் போனா நாங்க ஒரு தட்ட மட்டும் பாக்கமாட்டோம். ரெண்டு தட்டையும் பாப்போம். ஒரு தட்டு பித்தளை, ஒரு தட்டு தங்கம்னாலும்…"

"சரி மாமா. பாக்கலாம் மாமா. அத்தை நல்லாருக்காங்களா மாமா?"

மரியாதைக்குரிய மறுப்பு. பஜாரில் ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன். எனவே தராசை ஓரம் வைத்துவிட்டு, வேறொன்று சொன்னேன்: சங்கரன்கோவில் ரெய்டு நாளைப் பற்றி.

என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. மிகைப்படுத்தாமல் சொன்னேன் என்பதை மட்டும் பதிவுசெய்கிறேன். எனக்கே குரல் புதிதாக இருந்தது. பாதியில்தான் கவனித்தேன். மிக்ஸி நின்றிருந்தது. தேங்காய் அரைபட்டிருக்க வாய்ப்பில்லை. நிறுத்தவும் முடியாது, ஆரம்பித்துவிட்டேன். முழுக்கச் சொன்னேன்.

அந்தப் பக்கம் திருமலை குரலைத் தாழ்த்தினான். "இது அத்தைக்குத் தெரியுமா மாமா?" என்றான்.

அடுக்களை வாசலைப் பார்த்தேன். "இப்பத் தெரியும்" என்றேன்.

"நாளைக்குக் காலையில போறேன் மாமா. லேபு தொறந்ததும் போயிடுதேன். மங்கைட்ட நானே சொல்லுதேன்."

போனை வைத்துவிட்டு, ஊஞ்சல் பலகையில் இருக்கும் ஆணிகளை எண்ண ஆரம்பித்தேன். உலகம்மை காபி டம்ளரோடு வந்தாள். பக்கத்தில் வைத்தாள். போகாமல் நின்றாள்.

"அன்னைக்கு சங்கரன்கோவில்ல கடையடைப்பு" என்றாள். "பேப்பர்லயே போட்டிருந்தான். மூடுன கடையில போய் மனுஷன் என்ன தராசப் புடிச்சாருன்னு அப்பவே நெனச்சேன்."

அவ்வளவுதான். உள்ளே போனாள். மிக்ஸி மறுபடி ஓட ஆரம்பித்தது.

காபியை எடுத்துக் குடித்தேன். முதல் மடக்கிலேயே நாக்கு நின்றுவிட்டது. சர்க்கரை. சந்தேகமில்லை. குறைந்தது ஒன்றரைக் கரண்டி.

நாளைக் காலை எண் எகிறும். எகிறட்டும். அலகோடு எழுதி வைக்கிறேன்.